தொழுகை நேரம் கேட்டோம், விலாசத்தைக் கொடுத்தோம்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட மாலை நேரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



    

இஷாவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முடித்துவிடுவேன். இப்படி நான் சொன்னதுமே உங்களில் பலர் குனிந்து நேரம் பார்த்தீர்கள். எதில் பார்த்தீர்கள்? பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருக்கிற தொழுகை அட்டவணையிலா? இல்லை, சட்டைப் பையிலிருந்த செல்போனில்!

அதில் குற்றமில்லை. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். பாங்கு சொல்கிறது, கிப்லா காட்டுகிறது, ஸஹர் நேரம் சொல்கிறது, குர்ஆனையும் ஓதிக் காட்டுகிறது. இத்தனையும் இலவசம். வியாபாரிகள் நிறைந்த சபையில் நான் கேட்கிறேன்: இலவசமாக ஒருவன் சரக்கு கொடுத்தால், அவனுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் யோசிக்க மாட்டீர்களா? கடைவீதியில் யோசிக்கிற நாம், செல்போனில் மட்டும் ஏன் யோசிக்காமல் விட்டோம்?

நடந்தது என்ன?

2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் ‘மதர்போர்டு’ என்ற செய்தி ஏடு ஓர் உண்மையை வெளிக்கொண்டு வந்தது. உலகெங்கும் முஸ்லிம்கள் பயன்படுத்தும் ‘முஸ்லிம் ப்ரோ’ என்ற ஆப், தன்னைப் பயன்படுத்துவோரின் இருப்பிட விவரங்களை ‘எக்ஸ்-மோடு’ என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பிக் கொண்டிருந்தது. அந்த நிறுவனமோ அதை ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றது. அந்த ஒப்பந்தக்காரர்களின் வாடிக்கையாளர் யார்? அமெரிக்க ராணுவம்! அந்த நேரத்தில் முஸ்லிம் ப்ரோ 9 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் சிறப்பு நடவடிக்கைப் படைத் தலைமையகம், ‘பேபல் ஸ்ட்ரீட்’ என்ற வேறொரு நிறுவனத்திடமிருந்து, செல்போன்களின் இருப்பிடத்தைப் பார்க்கும் ‘லொகேட் எக்ஸ்’ என்ற வசதியை விலைக்கு வாங்கியிருந்ததும் அதே செய்தியில் வெளியானது. அந்தத் தலைமையகமே அதை ஒப்புக்கொண்டது.

நியாயம் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராணுவத்துக்கு நாங்கள் எதையும் விற்கவில்லை என்று முஸ்லிம் ப்ரோ நிறுவனம் மறுத்தது. தகவல் பெற்று வந்த நிறுவனங்களோடு உறவை முறித்துக் கொள்வதாகவும் உடனே அறிவித்தது. நேரடியாக விற்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்ட பிறகு அது எத்தனை கை மாறுகிறது என்பது கொடுத்தவனுக்கே தெரியாமல் போகிறது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2021 ஜனவரியில் ‘ஸலாத் ஃபர்ஸ்ட்’ என்ற இன்னொரு தொழுகை நேர ஆப், பிரான்சின் ‘பிரெடிசியோ’ நிறுவனத்துக்கு இருப்பிட விவரங்களை அனுப்பி வந்த செய்தி அதே ஏட்டில் வெளியானது. அதுவும் ஒரு கோடிப் பதிவிறக்கங்களைத் தாண்டிய ஆப்.

ஐந்து வேளை பாங்கு ஒலிக்க வேண்டும் என்று விரும்பித்தானே சகோதரர்களே அதை வைத்துக் கொண்டோம்! நம் ஈமானையே ஒருவன் சந்தைச் சரக்காக்கினான் என்றால், மனம் கொதிக்காதா?

எப்படிப் போகிறது?

இதன் சூட்சுமம் ரொம்பச் சின்னது. ஆப் தயாரிப்பவனிடம் தகவல் வியாபாரி வருகிறான். “நான் தரும் இந்தச் சின்ன நிரலை உன் ஆப்புக்குள் சேர்த்துக் கொள். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ அத்தனைக்கும் மாதாமாதம் பணம் தருகிறேன்” என்கிறான். நாம் ஆப்பைத் திறக்கிறோம். “உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?” என்று கேட்கிறது. தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் ஊர் தெரிய வேண்டுமே என்று ‘சரி’ என்று அமுக்குகிறோம். அந்த ஒரு ‘சரி’யை வைத்துக் கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும் நிரலும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நாம் எங்கே இருக்கிறோம், எத்தனை மணிக்கு இருக்கிறோம், செல்போன் என்ன மாடல், எந்த வைஃபையில் இணைந்திருக்கிறோம் என்பதெல்லாம் வெளியே போகிறது.

“பெயர் போகவில்லையே! வெறும் எண்தானே போகிறது!” என்று அந்த நிறுவனங்கள் சமாதானம் சொல்கின்றன. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஒரு செல்போன் ஒரே இடத்தில் இருந்தால் அது யாருடைய வீடு? காலை 10 மணியிலிருந்து இரவு 9 மணி வரை ஒரே இடத்தில் இருந்தால் அது யாருடைய கடை? வெள்ளிக்கிழமை மதியம் எந்தப் பள்ளியில் இருந்தது? இந்த மூன்றும் தெரிந்தவனுக்கு உங்கள் பெயரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

இந்த வியாபாரத்தின் அளவையும் சொல்கிறேன். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் வருமானம் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30,700 கோடி டாலர். அதில் 23,700 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் ஒரு கேள்வியைச் சேர்த்தது. “இந்த ஆப் உங்களைப் பின்தொடர அனுமதிக்கலாமா?” அவ்வளவுதான் கேள்வி. ஏராளமானோர் ‘வேண்டாம்’ என்றார்கள். அந்த மாற்றத்தால் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. நாம் யோசிக்காமல் அமுக்குகிற ‘சரி’யின் விலை என்னவென்று இப்போது விளங்குகிறதா?

‘நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?’

இப்படிப் பேசினால் நம்மவர்களே கேட்பதுண்டு. “நான் வட்டி வாங்குவதில்லை, கள்ளக்கடத்தல் செய்வதில்லை. கடை உண்டு, வீடு உண்டு, பள்ளி உண்டு என்று இருக்கிறேன். யார் பார்த்தால் எனக்கென்ன?”

நல்ல கேள்விதான். நியூயார்க் நகரத்து முஸ்லிம் கடைக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அந்த நகரக் காவல்துறை ஒரு தனிப்பிரிவை வைத்தது. அதன் ஆட்கள் முஸ்லிம்களின் டீக்கடைகள், உணவகங்கள், புத்தகக் கடைகள், பள்ளிவாசல்கள், மாணவர் சங்கங்கள் என்று எல்லா இடங்களிலும் போய் உட்கார்ந்தார்கள். யார் வருகிறார்கள், எந்த மொழி பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எழுதினார்கள். 2011ஆம் ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. அந்தச் செய்திகளுக்கு மறு ஆண்டே புலிட்சர் விருதும் கிடைத்தது. ஆண்டுக்கணக்காக எழுதினார்களே, என்ன பிடித்தார்கள்? அந்தப் பிரிவின் வேலையிலிருந்து ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு தீவிரவாத விசாரணைக்கான துப்புகூடக் கிடைக்கவில்லை என்று 2012இல் அந்தக் காவல்துறையின் உயர் அதிகாரியே பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். 2014இல் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. 2018இல், மதத்தைக் காரணமாக வைத்துக் கண்காணிக்க மாட்டோம் என்று நீதிமன்ற உடன்பாட்டில் ஒப்புக்கொண்டார்கள்.

குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அத்தனை ஆண்டுகளில் அந்தக் கடைகளுக்கு வரப் பயந்தவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்கு வரத் தயங்கிய இளைஞர்கள் எத்தனை பேர்? பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவனையே சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்ததே, அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது?

அன்று ஆளை அனுப்பிக் குறிப்பெடுத்தார்கள். அதற்குச் செலவு உண்டு, ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இன்று நம் ஆளை நாமே சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, இரவில் சார்ஜும் போட்டுக் கொடுக்கிறோம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். செல்போன் நிறுவனத்திடமிருந்து ஒருவரின் பழைய இருப்பிட விவரங்களை வாங்க வேண்டுமானால் போலீசுக்கு நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதே வகை விவரம் சந்தையில் விலைக்குக் கிடைக்கிறதே! வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது.

கண்காணிக்கப்படுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோவை கோட்டைமேட்டைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் நின்ற சோதனைச் சாவடிகளை மறக்க முடியுமா? பால் வாங்கப் போகிறவரும் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போன காலம் அது. சாவடி கண்ணுக்குத் தெரிந்தது. அகற்று என்று கேட்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத சாவடியை எப்படி அகற்றச் சொல்வது?

நம் சகோதரிகளுக்கு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும், முஸ்லிம் பெண்களின் படங்களை இணையத்திலிருந்து திருடி, ‘ஏலம்’ என்று போட்டு இழிவுபடுத்தினார்கள். பத்திரிகையாளர்கள், மாணவிகள், சமூக ஊழியர்கள் என்று துணிந்து பேசிய பெண்களே குறிவைக்கப்பட்டார்கள். சிலர் கைதானார்கள். அப்போதும் நம்மில் சிலர், “படம் போட்டது அவர்கள் தப்பு” என்றார்கள். திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரைத் திட்டுவது என்ன நியாயம்? படத்தை எடுத்தவன் குற்றவாளி. அதில் இரண்டாம் பேச்சே வேண்டாம்.

மார்க்கம் காட்டும் எல்லை

தனிமனித அந்தரங்கம் என்பதை ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். சகோதரர்களே, அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழையக் கூடாது என்று சூரத்துந் நூர் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பிறருடைய அந்தரங்கத்தைத் தோண்டித் துருவுவதை சூரத்துல் ஹுஜுராத் 12ஆம் வசனம் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் ஒரு மனிதர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தபோது அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அனுமதி கேட்கச் சொன்னதன் நோக்கமே பார்வையைத் தடுப்பதுதான் என்றும் அவர்கள் விளக்கினார்கள். கால் உள்ளே போனால்தான் குற்றம் என்றில்லை; கண் போனாலே குற்றம்!

ஆக, ஒட்டுப் பார்ப்பவனைத் தட்டிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அந்த அளவுகோல் நம் பக்கமும் திரும்பும் அல்லவா? இங்கேதான் நான் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கல்லாப் பெட்டி ஓரத்திலிருந்து

எனக்குத் துணிக்கடை. உடன் தையலும் உண்டு. பில் போடும் இடத்தில் ஒரு நோட்டு. பெயர், ஊர், செல்போன் எண் எழுதி வாங்கிக் கொள்வோம். தைத்ததும் சொல்லலாம், பெருநாள் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி வந்தால் அறிவிக்கலாம் என்று. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேல் எண்கள் சேர்ந்துவிட்டன.

தெரிந்தவர் ஒருவர் புதுத் தொழில் தொடங்கினார். “உங்க வாடிக்கையாளர் நம்பரெல்லாம் கொடுங்க, விளம்பரம் அனுப்பிக்கிறேன்” என்றார். காசு வாங்கவில்லை. நட்புக்காகத்தான். பையனிடம் சொல்லி, நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை.

மூன்று மாதம் கழித்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். மாற்று மதத்துச் சகோதரி. பல ஆண்டு வாடிக்கை. துணி எடுக்க வரவில்லை. “பாய், ஒருத்தன் தொந்தரவு தாங்காமதான் நம்பரையே மாத்தினேன். புது நம்பரை வீட்டு ஆளுங்களுக்கும், ரவிக்கை தைச்சதும் சொல்லுங்கன்னு உங்க கடைக்கும் மட்டும்தான் கொடுத்தேன். இப்போ யார் யாரோ கூப்பிடுறாங்க. உங்க கடையிலிருந்து போயிருக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

“போயிருக்காதுன்னு எனக்குத் தெரியும்” என்றாரே, அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. என்ன பதில் சொல்வேன்? உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. பேசாமல் போய்விட்டார். பிறகு என் கடைக்கு வரவில்லை.

நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகள் தங்கள் பொருள்களை யாரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்? அதே நபியிடம்! உயிருக்கு ஆபத்தான ஹிஜ்ரத் இரவிலும், அந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். எதிரியின் அமானிதத்துக்கே அந்த மரியாதை. நானோ, என்னை நம்பிய ஒரு சகோதரியின் அமானிதத்தை ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எக்ஸ்-மோடு கம்பெனிக்காரனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அன்றிலிருந்து நோட்டில் ஒரு மாற்றம் செய்தேன். தைக்கக் கொடுப்பவரிடம் மட்டும் எண் வாங்குகிறோம். துணி கையில் சேர்ந்ததும் அவர் கண் முன்னே அடித்துவிடுகிறோம். வியாபாரம் குறைந்துவிடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், புட்டசாமி வழக்கில் ஒருமித்த தீர்ப்பு வழங்கினார்கள். அந்தரங்க உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையோடு பிரிக்க முடியாதது என்றார்கள். அடுத்து 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வெளியாயின. தகவல் வைத்திருப்போர் மீதான முக்கியக் கடமைகள், அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

வணிகர்கள் கவனிக்க வேண்டும். நோட்டில் எழுதிய எண் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் இந்தச் சட்டம் உங்களுக்கும்தான். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. மற்றவர் தகவலை வைத்திருப்பவருக்கு இந்தச் சட்டம் கொடுத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘டேட்டா ஃபிடூஷியரி’. நம்பி ஒப்படைக்கப்பட்டதற்குப் பொறுப்பாளி என்று பொருள். நாம் 1,400 ஆண்டுகளாக அமானிதம் என்று சொல்லி வருவதைத்தான் நாடாளுமன்றம் இப்போது எழுதியிருக்கிறது.

ஆனால் இதே சட்டத்தின் 17ஆவது பிரிவில் பெரிய ஓட்டை இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி, மத்திய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளித்துவிடலாம். கடைக்காரர் தவறினால் கோடிக்கணக்கில் அபராதம். அரசு அமைப்பு துருவினால் விலக்கா? விலக்கு வேண்டுமென்றால் காரணத்தை நீதிபதி முன் சொல்லிப் பெறட்டும். இதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை இல்லை. தலித் சகோதரர், தொழிற்சங்கத் தோழர், பத்திரிகையாளர் என்று எல்லோருக்கும் தேவையான பாதுகாப்பு. அவர்களோடு சேர்ந்தே குரல் கொடுப்போம்.

என்ன செய்யலாம்?

செல்போனைக் கிணற்றில் போடச் சொல்லவில்லை. செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: இன்றிரவே செல்போன் செட்டிங்கைத் திறந்து, எந்தெந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தொழுகை நேரத்துக்கு ஊர்ப் பெயர் போதும், கையால் தேர்ந்தெடுக்கலாம். வீட்டு வாசல் வரை துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. ‘எப்போதும்’ என்று இருப்பதை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்றாவது மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு போனில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடும் வசதி இருக்கிறது, அழித்துவிடுங்கள்.

இரண்டு: அவசரக் கடன் தரும் ஆப்களிடம் போகாதீர்கள். வட்டி ஹராம் என்பது ஒருபுறம். உங்கள் செல்போனில் இருக்கும் எண்களையெல்லாம் அள்ளிக் கொண்டு, தவணை தவறினால் சம்பந்தி வீட்டுக்கும் மாமனார் வீட்டுக்கும் போன் போட்டு மானத்தை வாங்குகிறான். கடன் ஆப்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. அதையும் மீறுகிற கள்ள ஆப்கள் உண்டு. பணமோசடி நடந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மூன்று: வணிகர்களே, வாடிக்கையாளர் எண் தர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். எண் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. வாங்கிய எண்ணை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், நட்புக்காகக்கூட! ஆதார் நகல் வாங்கி மேஜை இழுப்பறையில் குவித்து வைத்திருப்பவர்கள், வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

நான்கு: தம்பிமார்களே, குரூப்பில் வருகிற எதையும் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத் 6ஆம் வசனம் சொல்கிறது. அதிலும் ஒருவருடைய படம், ஒரு குடும்பத்தின் பிரச்சினை, ஒரு பெண்ணின் பெயர் என்றால் உங்களோடு நிற்கட்டும். உங்களுக்கு வந்ததை அழித்துவிடுங்கள்.

ஐந்து: ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸகாத் வாங்கும் குடும்பங்களின் பட்டியல், தலாக் வழக்குகள், நோயாளிகளுக்கு உதவிய விவரங்கள் எல்லாம் இப்போது யாருடைய செல்போனில் இருக்கின்றன? வாங்குகிறவர் படத்தை எடுத்து குரூப்பில் போடும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஏழையின் மானமும் ஓர் அமானிதமே.

சகோதரர்களே! பெரிய கம்பெனிகளை நாம் ஒரே நாளில் திருத்திவிட முடியாது. ஆனாலும் செய்தி வெளியானதும் நடந்ததைப் பாருங்கள். ஒரே மாதத்தில், 2020 டிசம்பரில், எக்ஸ்-மோடின் நிரலை ஆப்களிலிருந்து அகற்றும்படி ஆப்பிளும் கூகுளும் உத்தரவிட்டன. மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களைக் காட்டிக் கொடுக்கும் விவரங்களை விற்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்துக்குத் தடை போட்டது. கேள்வி கேட்டதால் நடந்தது. கேட்காமலிருந்தால் இன்றும் அந்த விற்பனை நடந்து கொண்டிருக்கும்.

கேட்பதற்கு முன் நம் கடை நோட்டைச் சுத்தம் செய்வோம். அந்தச் சகோதரி மறுபடியும் என் கடை வாசலை மிதிக்க வேண்டும் என்று நான் துஆச் செய்து வருகிறேன். நீங்களும் செய்யுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட எல்லா அமானிதங்களையும் பேணி நடக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

இஷாவுக்கு நேரமாகிவிட்டது. இந்த முறை சுவர் அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன். வாருங்கள், ஒளுச் செய்வோம்.